அம்மாவின் தொடர்கதையும் பெரியம்மாவின் புடவைகளும்

என் அம்மா நாவல் எழுதுகிறவள். வீட்டுக்குள் பெண்கள் படும் பாட்டை அவளைப் போல எழுத ஆளில்லை என்று மேடையில் சொல்கிறார்கள், பேட்டியில் சொல்கிறார்கள். பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாள், நான் யாருடைய மகள் என்று தெரியாமலேயே ஒரு மணி நேரம் சொன்னாள். நான் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் அம்மாவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அவள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டது யார் என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. அது என் பெரியம்மா. அப்பாவின் அண்ணன் மனைவி.

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு. முன்னறையில் பெரியப்பாவின் நாற்காலி. அதையொட்டி அவருடைய படுக்கையறை. நடு அறையில் சாப்பாட்டு மேசை. அதற்கப்புறம் சமையலறை. அதற்குக் கதவு கிடையாது, சுவரில் ஒரு வளைவு மட்டும்தான். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் நீளமாக ஒரு இடம் உண்டு. அறை என்று சொல்ல முடியாது, வழி என்றும் சொல்ல முடியாது. அங்கேதான் பெரியம்மாவின் கட்டில். அப்பா பல் தேய்க்கப் போனாலும் நான் குளிக்கப் போனாலும் அவள் கட்டிலை இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அவள் புடவை மாற்ற வேண்டுமென்றால், "யாரும் வராதீங்க" என்று குரல் கொடுத்துவிட்டு மாற்றுவாள். அப்படியும் யாராவது வந்துவிடுவோம்.

புருஷன் பெண்டாட்டிக்கு ஏன் தனித்தனி இடம் என்றால், பெரியப்பா அவளோடு பேசுவதில்லை. பல வருடங்களுக்கு முன்னால், ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையலுக்கு ஆள் போதவில்லை என்று தெரிந்தவர்கள் கூப்பிட்டு, பெரியம்மா அவரைக் கேட்காமல் ஒரு வாரம் போய் வந்துவிட்டாள். அவ்வளவுதான். "என்னைக் கேக்காம வாசப்படி தாண்டினவகிட்ட எனக்கென்ன பேச்சு" என்று அவர் அன்றைக்கு அப்பாவிடம் சொன்னார். பெரியம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. அதற்கப்புறம் எல்லாமே எங்கள் வழியாகத்தான். "அவளைத் தண்ணி கொண்டாரச் சொல்லு." "அவகிட்ட சட்டைப் பட்டன் பிஞ்சிருக்குன்னு சொல்லு." வீட்டில் வேறு யாரும் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்து, "தண்ணி இருந்தா தேவலை" என்பார். தண்ணீர் வந்துவிடும். சுவருக்கு நன்றி சொல்லாத குறைதான்.

பெரியம்மாவுக்கு இதெல்லாம் பழகிப்போய்விட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் சிரித்தால் நமக்கு எவ்வளவு வசதி.

அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதுவாள். தனியறையில் அவளுக்கு எழுத வராது. "பாத்திரம் உருள்ற சத்தம் காதுல விழுந்தாதான் எனக்கு வரி வரும்" என்று பேட்டிகளில் சொல்வாள். கேட்கிறவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்தப் பாத்திரத்தை உருட்டியது யார் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றாது.

எழுதுவதில் அம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்கேயாவது சிக்கிக்கொண்டால் பேனாவை வைத்துவிட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்பாள். "அக்கா, இந்த இடத்துல அவ என்ன பண்ணுவா?"

அம்மா பிறந்த வீட்டிலிருந்து நேராகப் புகுந்த வீட்டுக்கு வந்தவள். பத்திரிகை ஆபீசுக்குக்கூட அப்பாதான் கூட்டிக்கொண்டு போவார். அவள் கதையில் வரும் பெண்கள் புருஷனை எதிர்த்துப் பேசுவார்கள், கோர்ட்டு படி ஏறுவார்கள். அவளுக்கு ஒரு மணியார்டர் அனுப்பத் தெரியாது. ஒரு தடவை, கதாநாயகி அழுதுகொண்டே சமைக்கிறாள், அடுப்பில் வைத்தது கருகிப்போகிறது என்று எழுதிவிட்டுப் படித்துக் காட்டினாள். பெரியம்மா வெங்காயத் தோலை உரித்துக்கொண்டே, "அழறவ அடுப்பைக் குறைச்சு வச்சிட்டுத்தான்மா அழுவா. கருகினா அதுக்கும் சேர்த்து யாரு திட்டு வாங்கறது?" என்றாள். அம்மா அதை அப்படியே எழுதினாள். அந்த வரியைப் பாராட்டி வந்த கடிதங்களை அவளே பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். பெரியம்மாவுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அந்த வீட்டில் அவளை 'நீ என்ன நினைக்கிறாய்' என்று கேட்ட ஒரே ஆள் அம்மாதான். அதை நான் மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

இனி வருவதில் பாதி எனக்கு அப்போது தெரியாது. பிறகு சலவைக்கடை அக்கா சொல்லியும், பெரியம்மாவே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியும் தெரிந்துகொண்டது. உங்களைக் காக்க வைக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரியம்மா எங்கள் வீட்டை விட்டுப் போக முடிவு செய்திருந்தாள்.

எங்கள் தெருவின் கடைசியில் அந்த அக்காவின் சலவைக்கடை. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றின் போர்வை, தலையணை உறையெல்லாம் அங்கேதான் வெளுப்புக்கு வரும். அவற்றைக் கொண்டுவரும் விடுதி வார்டனும் பெரியம்மாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பல வருடங்கள் கழித்து அழுக்கு மூட்டைகளுக்கு நடுவில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். விடுதிக்கு வேறொரு ஊரில் புதுக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. வார்டன் அங்கே மாற்றலாகிப் போகிறாள். "சமையலைப் பார்த்துக்க எனக்கு நம்பிக்கையான ஆள் வேணும்டி. சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு. தனி ரூம் தர்றேன்" என்றாள்.

பெரியம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். "ரூமுக்கு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடலாமா?"

"தாழ்ப்பாள் இல்லாம ரூம் எதுக்குடி" என்று வார்டன் சிரித்திருக்கிறாள். கட்டிடத்துக்கு வண்ணம் பூசி முடிந்ததும் சொல்லியனுப்புவதாகப் பேச்சு.

அதே சமயத்தில்தான் அம்மா வாரப் பத்திரிகையில் அந்தத் தொடர்கதையை ஆரம்பித்தாள். வீட்டை விட்டுப் போக நினைக்கும் ஒரு பெண்ணின் கதை. பொறி எங்கிருந்து வந்தது என்று அம்மாவை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். தெரியவில்லை என்பாள். எனக்கென்னவோ, பெரியம்மாவின் முகத்தில் வந்திருந்த புதுக் களையை அவள் தன்னை அறியாமல் பார்த்திருப்பாள் என்றுதான் படுகிறது. எழுதுகிறவர்களுக்கு இதில் மூக்கில் வேர்த்துவிடும்.

அம்மா எழுதியபடி, கதாநாயகி கொட்டும் மழையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கினாள். படித்துக் காட்டியதும் பெரியம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏங்க்கா சிரிக்கறீங்க?"

"பெட்டியோட போனா தெருமுனை தாண்டுவாளா? ஆளாளுக்கு 'எங்க கிளம்பிட்டீங்க'ன்னு கேப்பாங்க. நாலாவது வீட்டுக்காரி அவ புருஷனுக்குப் போன் பண்ணிடுவா. மழையில வேற போறாளாம். அவளுக்கென்ன, சளி பிடிக்கணும்னு வேண்டுதலா?"

"அப்ப எப்படித்தான் போவா?"

பெரியம்மா கையிலிருந்த பீன்ஸை நறுக்கி முடித்தாள். பிறகு சொன்னாள். "துணியெல்லாம் முன்னாடியே போயிடணும். வாரா வாரம் சலவைக்குப் போடறால்ல? போடறதுல ஒண்ணு ரெண்டைத் திருப்பி வாங்காம அங்கேயே விட்டுடணும். கடைக்காரி பத்திரமா வச்சிருப்பா. கடைசியில போறப்ப வெறுங்கையோட போலாம்."

"வீட்டுல கவனிக்க மாட்டாங்களா?"

"பொண்டாட்டிகிட்ட எத்தனை புடவை இருக்குன்னு எந்த ஆம்பளைக்குத் தெரியும்?"

அம்மா மேசையைத் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது பெரியம்மாவின் புடவைகளில் பாதி சலவைக்கடையின் பின் அலமாரியில் இருந்தன.

ஏன் சொன்னாள் என்று பிறகு நான் அவளைக் கேட்டிருக்கிறேன். "உங்கம்மா புத்திசாலி. ஓட்டை இருந்தா அவளுக்குத் தெரிஞ்சிடும்னு நெனச்சேன்" என்றாள். வேறு யாரிடம் அவள் யோசனை கேட்க முடியும்? அம்மா ஒரு கேள்வி கேட்பாள், பெரியம்மா ஒரு பதில் கண்டுபிடிப்பாள். இப்படி வாரா வாரம் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பெண்ணை வீட்டை விட்டுக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். மூட்டையை யார் எடுத்துப் போவது? விடுதி வண்டி போர்வை எடுக்க வரும்போது அதோடு சேர்த்து எடுத்துப் போகும். கடைக்காரி யாரை நம்பிக் கொடுப்பாள்? "ஹாஸ்டல் போர்வையும் அதுக்கு மேல ஒண்ணும்" என்று கேட்டு வருகிறவனுக்குக் கொடுப்பாள். என்றைக்குக் கிளம்புவாள்? புருஷன் வேலையாக வெளியூர் போகிற அன்றைக்கு. பெரியம்மா சொன்னதையெல்லாம் அம்மா எழுதினாள். ஒரு வார்த்தை மாற்றவில்லை. அவள் எடுத்துப் போடும் விஷயம் உயிருள்ளதா செத்ததா என்று அவளுக்கு உடனே தெரியும். அந்த ஞானம் மட்டும் அவளுக்கு உண்டு.

வீட்டு ஆண்கள் படித்துவிடுவார்கள் என்ற பயம் பெரியம்மாவுக்கு இல்லை. அப்பா விளையாட்டுச் செய்தி தவிர எதையும் படிக்க மாட்டார். பெரியப்பாவுக்குக் கதை என்றாலே இளக்காரம். பத்திரிகை எங்கள் வீட்டுக்கு இலவசமாக வரும். அம்மா பிரித்துத் தன் பெயரைப் பார்த்துவிட்டு மேசையில் வைப்பாள். மறுவாரம் பெரியம்மா அதைக் கிழித்து டப்பாக்களுக்கு அடியில் அலமாரித் தட்டில் விரிப்பாள். தன் திட்டத்தின் மேலேயே அவள் பருப்பு டப்பாவை வைத்திருந்தாள்.

பெரியப்பாவுக்கு மருந்துக் கம்பெனி ஒன்றின் கிடங்கில் மேலாளர் வேலை. எந்த அடுக்கில் எந்தப் பெட்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆபீசில் அவருக்கு 'ஸ்டாக்' என்றே பெயர். அங்கே ஒரு டைப்பிஸ்ட் அம்மாள். சாப்பாட்டு வேளையில் தொடர்கதையை எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுவாளாம். அவளே பின்னாளில் அம்மாவின் பாராட்டு விழாவுக்கு வந்து, மிகவும் பெருமையாக என்னிடம் சொன்னாள்.

"உங்க பெரியப்பா முதல்ல காதுலயே வாங்க மாட்டாரும்மா. ஒருநாள் நான்தான், 'சார், உங்க வீட்டு மருமக என்னமா எழுதறாங்க, அந்த சலவைக்கடை ஐடியா யாருக்கு வரும்'னேன். அப்பதான் நிமிர்ந்து பார்த்தாரு. 'என்ன சலவைக்கடை'ன்னாரு. நான் விலாவாரியா சொன்னேன். அதுக்கப்புறம் பாருங்க, சாரே காசு கொடுத்துப் பத்திரிகை வாங்க ஆரம்பிச்சிட்டாரு. கிடங்குல போய் உக்காந்து தனியா படிப்பாரு. அப்பேர்ப்பட்ட மனுஷனையே உங்கம்மா கட்டிப் போட்டுட்டாங்க."

சலவைக்கடை விஷயத்தைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் பெரியம்மாவின் அலமாரியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். எத்தனை புடவை இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. காலியான தட்டு யாருக்கும் தெரியும். கிடங்கில் வேலை பார்க்கிறவருக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

அவர் வாயைத் திறக்கவில்லை. கத்தியிருந்தால், கையை ஓங்கியிருந்தால், பெரியம்மாவுக்கு ஒரு எச்சரிக்கையாவது கிடைத்திருக்கும். அவர் வழக்கம்போல வந்தார், வழக்கம்போலச் சுவரிடம் தண்ணீர் கேட்டார், வாரா வாரம் தன் பெண்டாட்டி அடுத்து என்ன செய்யப் போகிறாள் என்பதைத் தம்பி பெண்டாட்டியின் கதையில் படித்துத் தெரிந்துகொண்டார்.

வண்ணம் பூசி முடிந்தது. வார்டன் சொல்லியனுப்பினாள். பெரியப்பாவும் கிளைக் கிடங்கில் சரக்குச் சரிபார்க்க வெளியூர் போவதாகச் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னார். இரண்டும் ஒரே சமயத்தில் கூடி வந்ததில் பெரியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று எனக்கு அதிகமாக ஒரு கரண்டி போட்டாள். வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை.

அவர் காலையில் பையோடு கிளம்பினார். அப்பாவும் வேலைக்குப் போய்விட்டார். எனக்குக் காய்ச்சல், லீவு போட்டுவிட்டு நடு அறையில் சோபாவில் படுத்திருந்தேன். அம்மா மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். பெரியம்மா வழக்கத்தைவிடச் சீக்கிரமாகச் சமையலை முடித்து, எல்லாப் பாத்திரத்தையும் தட்டு போட்டு மூடினாள். அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு சலவைப் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சாப்பிட்டுட்டு மாத்திரை போடு. மறந்துடாத."

"சரி பெரியம்மா."

"மறந்துடாத" என்றாள் மறுபடியும். அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுத்தில் தலையை விட்டிருந்தாள், நிமிரவில்லை. பெரியம்மா முன்னறைக்குப் போனாள்.

நாற்காலியில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். எப்போது திரும்பி வந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. சாவி அவரிடம் உண்டு. வெளியூர்ப் பை பக்கத்தில் இருந்தது. மடியில் வாரப் பத்திரிகை விரிந்திருந்தது. தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"இன்னிக்கு சலவைக்கடை லீவு."

பெரியம்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள். வேறு யாரிடமோ சொல்கிறார் என்று நினைத்துவிட்டாள். அவ்வளவு வருடப் பழக்கம்.

"உன்னைத்தான் சொல்றேன்."

காலால் நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையைத் தள்ளினார். வெள்ளைப் போர்வையில் கட்டிய மூட்டை. முதல் நாள் சாயங்காலமே ஆபீஸ் டிரைவரை சலவைக்கடைக்கு அனுப்பி, "ஹாஸ்டல் போர்வையும் அதுக்கு மேல ஒண்ணும்" என்று கேட்கச் சொல்லியிருக்கிறார். கடை அக்காவுக்குக் கதை படிக்க நேரம் ஏது? பெரியம்மா சொல்லி வைத்த வார்த்தை வந்தது, கொடுத்துவிட்டாள்.

"பிரிச்சு சரியா இருக்கான்னு பார்த்துக்கோ" என்றார்.

பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து ஓடினேன். அம்மா பேனாவும் கையுமாக வந்து நின்றாள். மூட்டையைப் பார்த்தாள், பத்திரிகையைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். அவளுக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

பெரியப்பா அவளிடம் மரியாதையாகவே பேசினார். "கதை நல்லா போகுதும்மா. ஆபீஸ்ல எல்லாரும் படிக்கறாங்க. அடுத்த வாரம் என்ன வருது?"

விடுதி வண்டி சலவைக்கடை வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனதாம். புதுக் கட்டிடத்துச் சமையலுக்கு வார்டன் வேறு ஆளைப் போட்டுவிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. விடுதியில் எல்லோருக்கும் வேளைக்குச் சாப்பாடு போட்டாக வேண்டுமே.

அப்பாவிடம் சொன்னபோது, "அண்ணி எதுக்கு இந்த வயசுல இதெல்லாம்" என்றார். அதோடு அவர் பங்கு முடிந்தது. அம்மா அழுதாள். உண்மையாகத்தான் அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். பெரியம்மாதான் தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அப்புறம் பத்திரிகையிலிருந்து போன் வந்தது. அத்தியாயம் எங்கே என்று கேட்டார்கள். அம்மா மேசையில் வந்து உட்கார்ந்தாள். பேனாவை மூடினாள், திறந்தாள். நான் அவளையே முறைத்துக்கொண்டிருந்தேன். கேட்க மாட்டாள் என்று நினைத்தேன். அவ்வளவு துணிச்சல் இருக்காது என்று நினைத்தேன்.

"அக்கா."

வளைவுக்கு அந்தப் பக்கம் கத்தி நின்றது.

"அடுத்தது என்னன்னு கேக்கப் போறியா?" என்றாள் பெரியம்மா.

"இல்லக்கா. நிறுத்திடவான்னு கேக்கத்தான்."

"நிறுத்தினா அவ நடுத்தெருவுல நிப்பாளே." கத்தி மறுபடி ஓட ஆரம்பித்தது. "அவளாவது போகட்டும். எழுதிக்கோ."

பெரியம்மா சொல்லச் சொல்ல அம்மா எழுதினாள். வண்டியில் போர்வை மூட்டைகளுக்கு நடுவில் அந்தப் பெண் உட்கார்ந்து போவது, புது வண்ணத்தின் வாசனை, ஜன்னலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டுவது. முதல் ராத்திரி அவள் உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போடுகிறாள். திறக்கிறாள். மறுபடி போடுகிறாள். அப்புறம் அழுவாளா என்று அம்மா கேட்டாள். "மாட்டா. தூங்குவா" என்றாள் பெரியம்மா. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மொட்டைமாடிக்குப் போய் ஆத்திரம் தீர அழுதேன்.

அந்த அத்தியாயத்தைத்தான் எல்லோரும் இன்றைக்கும் எடுத்துச் சொல்கிறார்கள். அது புத்தகமாக வந்தது, பரிசு வாங்கியது. முன்னுரையில் அம்மா, 'என் ஓரகத்தி இல்லாவிட்டால் இந்த நாவல் இல்லை' என்று எழுதினாள். சமையலில் ஒத்தாசை செய்ததைச் சொல்கிறாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நல்ல மனசு என்று அதற்கும் ஒரு பாராட்டு.

நான் அம்மாவோடு சண்டை போட்டேன். "எனக்கு எப்படிடி தெரியும்? தெரிஞ்சிருந்தா எழுதுவேனா?" என்றாள். தெரிந்த பிறகும் எழுதினாயே என்று கேட்டேன். அவள் மேசையில் கிடந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தாள். பெரியம்மாவிடம், என் சம்பளத்தில் தனியாக வீடு எடுக்கிறேன், என்னோடு வந்துவிடு என்றேன். "உன்கூட வந்தா உன் வீட்டுச் சமையல். அவ்வளவுதானே" என்றாள் சிரித்துக்கொண்டே. அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காத. ஒரு தடவைதான், கண்ணு, தைரியம் வரும். வந்தது, போயிடுச்சு" என்றாள்.

அதற்குப் பிறகும் அம்மா நாவல்கள் எழுதினாள். வழக்கம்போல வளைவைப் பார்த்துக் கேட்பாள். பெரியம்மாவும் பதில் சொல்வாள், ஆனால் எல்லாக் கதைக்கும் ஒரே பதில்தான். "அவ இருக்கட்டும்மா. எங்க போவா?" அம்மாவின் பிற்காலக் கதைகளில் ஒருத்தியும் வீட்டை விட்டுப் போகவில்லை. எழுத்தாளரிடம் இப்போது முதிர்ச்சி வந்திருக்கிறது என்று விமர்சனம் எழுதினார்கள்.

பெரியப்பாவும் மாறிவிட்டார். சலவைப் பையை அவரே தூக்கிக்கொண்டு போகிறார். வேறொரு தெருவில் வேறொரு கடை. காய்கறியும் அவரே வாங்கி வருகிறார். அந்த வயசிலும் பெண்டாட்டியை ஒரு வேலை செய்ய விடாமல் தாங்குகிறார் என்று தெருவில் பேச்சு. நாலாவது வீட்டுக்காரி தன் புருஷனுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுகிறாள்.

சென்ற மாதம் ஒரு பெண் அம்மாவைத் தேடி வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் அந்தப் புத்தகம், அட்டை கிழிந்து ஒட்டுப் போட்டது. உட்காரக்கூட இல்லை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல இருக்கறபடியே பண்ணினேம்மா. துணியெல்லாம் சலவைக்கடையில வச்சேன். வெறுங்கையோட வெளிய வந்தேன். இப்ப தனியா ரூம் எடுத்து இருக்கேன். உங்களைப் பார்த்துச் சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்."

பெரியப்பா நாற்காலியில் இருந்தார். பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பவில்லை. பெரியம்மா டீ கொண்டுவந்தாள். அந்தப் பெண் தம்ளரை வாங்கிக்கொண்டு, அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, மறுபடி அம்மா பக்கம் திரும்பினாள்.

"எப்படிம்மா இதையெல்லாம் யோசிச்சீங்க?"

அம்மா நாற்காலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பெரியம்மா தட்டை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"கற்பனைதான்மா" என்றாள் அம்மா.

நான் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தப் பெண்ணின் அருகில் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நெஜமாவே உள்ளேயிருந்து போட முடியுதா? தாழ்ப்பாள்?"

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. பிறகு முகம் மலர்ந்தது. "முடியுதுக்கா. கொஞ்சம் இறுக்கமா இருக்கும். இப்படித் தூக்கித் தள்ளணும்" என்று தம்ளரை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையைக் காற்றில் உயர்த்தி, தூக்கித் தள்ளிக் காட்டினாள். பெரியம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை காட்டு" என்றாள்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை காட்டினாள்.

"பேசினது போதும்" என்றார் பெரியப்பா. "தம்ளரை எடுத்துட்டு உள்ள போ."

பெரியம்மா தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெரியப்பா எங்கள் யாரையும் அவளிடம் சொல்லச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவர் அவளிடம் நேராகவே பேசுகிறார்.